உஷ்ணம் வெளியேறும் வழி

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் ராஜகிரியின் உச்சியைத்தான் முதலில் அண்ணாந்து பார்க்கிறார்கள். அடிவாரத்தில், கல்யாண மகாலுக்குச் சற்றுத் தள்ளி, தடித்த சுவர்களும் வளைந்த கூரையுமாக நிற்கும் நெற்களஞ்சியத்தின் முன்னால் நின்று யோசிப்பவர்கள் மிகச் சிலரே. முகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் 1690 முதல் 1698 வரை இந்தக் கோட்டையை விட்டும் தொட்டும் முற்றுகையிட்டிருந்த காலத்தில், உள்ளே இருந்த ராஜாராமின் மராட்டியப் படை தாக்குப் பிடித்ததற்கு மதில்களும் குன்றுகளும் எவ்வளவு காரணமோ, களஞ்சியங்களும் சுனைகளும் அவ்வளவு காரணம் என்பது என் எண்ணம். கிருஷ்ணகிரிக் குன்றின் மேலும் களஞ்சியங்கள் உண்டு. எண்ணெயும் நெய்யும் சேர்த்து வைத்த தொட்டிகள் என்று சிலவற்றை அங்கே காட்டுகிறார்கள். நெல், எண்ணெய், நெய் ஆகிய இம்மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. இவற்றில் ஈரம் மிகக் குறைவு. நெல்லின் ஈரம் நூற்றுக்குப் பதினான்கு பங்குக்கு மேல் போகாமல் காய்ந்திருந்தால் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அதில் பிழைக்க வழியில்லை. இன்று செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மலை மலையாக வந்து இறங்கும் நெல்லுக்கும் அதே விதிதான்.

ஆனால் பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு தண்ணீர். மீனும் இறைச்சியும் வடித்த சோறும் அரைத்த மாவும் பெரும்பகுதி தண்ணீரே. இவற்றை உலர்த்தினால் இவை வேறு பண்டங்களாகிவிடும். ஆகையினால்தான் பழங்காலத்தார் மிஞ்சிய பாலைத் தயிராக்கி, மோராக்கி, கடைசியில் நெய்யாக்கினார்கள், மீனைக் கருவாடாக்கினார்கள், சோற்றில் நீரூற்றிப் பழையதாக்கினார்கள். ஈரமான உணவை ஈரமாகவே சில நாள் காப்பாற்ற வேண்டுமானால் அதிலுள்ள நுண்ணுயிர்களின் வளர்ச்சியை மந்தப்படுத்த வேண்டும். அதற்கு எளிய வழி உஷ்ணத்தைக் குறைப்பது. நான்கு டிகிரி செல்சியஸுக்குக் கீழே பெரும்பாலான பாக்டீரியாக்கள் ஏறக்குறைய உறங்கிவிடுகின்றன. ஐந்து முதல் அறுபது டிகிரி வரையுள்ள இடைவெளிதான் அவற்றின் ராஜ்யம். செஞ்சியில் சித்திரை, வைகாசி மாதங்களில் ஒரு சமையலறை இருக்கும் வெப்பம் அந்த ராஜ்யத்தின் நடுமையம்.

இன்று செஞ்சிப் பேட்டையிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் பிரிட்ஜ் இல்லாத வீடு குறைந்துகொண்டே வருகிறது. தவணை கட்டி வாங்கிய பொருளாகையால் அதைத் துடைத்து, உறை போட்டு, பொட்டும் வைத்து மரியாதையாகத்தான் வைத்திருக்கிறார்கள். இருந்தும் அது எப்படி வேலை செய்கிறது என்பது பலருக்குத் தெரியாததனால், சிறு கோளாறைக் கண்டு பெருஞ்செலவுக்கு அஞ்சுவதும், பெருங்கோளாறை அறியாமல் அலட்சியமாக இருப்பதும் நேர்கின்றன. இந்த யந்திரத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டால் போதும் என்று நான் நினைக்கிறேன். பிரிட்ஜ் குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளேயுள்ள உஷ்ணத்தை எடுத்து வெளியே கொண்டுபோய் விடுகிறது. உஷ்ணம் உள்ளே நுழையும் இடம், அதை வாரி எடுக்கும் இடம், சுமந்து செல்லும் வழி, வெளியே இறக்கும் இடம், சுமக்கும் மோட்டாருக்குப் பலம் தரும் மின்சாரம் ஆகிய இவற்றில் எங்கோ ஓரிடத்தில் ஏற்படும் தடைதான் எல்லாக் கோளாறும்.

மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்பதை அறிந்தவருக்கு இதன் தத்துவம் புதிதாக இராது. பானையின் நுண்ணிய துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, ஆவியாவதற்கு வேண்டிய உஷ்ணத்தை எஞ்சிய நீரிடமிருந்தே பறித்துக்கொள்கிறது. காற்று உலர்ந்திருக்கும் கோடைப் பகலில் பானை நீர் நன்றாகக் குளிர்வதும், ஐப்பசி அடைமழையில் அவ்வளவாகக் குளிராததும் இதனால்தான். பானை நீர் ஆவியாகிப் போனது போனதுதான். மறுபடி ஊற்ற வேண்டும். அந்த ஆவியை வீணாக்காமல் பிடித்து, அழுத்தித் திரும்பவும் திரவமாக்கி, மறுபடியும் ஆவியாக விட்டால் என்ன என்ற யோசனையில் பிறந்ததே இந்த யந்திரம். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்தில் வில்லியம் கல்லன் என்ற பேராசிரியர், காற்றை வெளியேற்றிய கலத்தில் ஈதரைக் கொதிக்கவைத்துக் குளிர்ச்சி உண்டாக்கிக் காட்டினார். 1834-இல் ஜேக்கப் பெர்க்கின்ஸ் என்பவர் ஆவியை மீண்டும் அழுத்தித் திரவமாக்கும் முழுச் சுழற்சிக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அந்தத் தத்துவம் தொழிலாக வளர்ந்து நம் நாட்டுக்கு வருவதற்கு முன்பு, அமெரிக்காவில் உறைந்த குளங்களிலிருந்து வெட்டிய பனிக்கட்டியைப் பாய்மரக் கப்பலில் மரத்தூளுக்குள் புதைத்துச் சென்னைக்குக் கொண்டுவந்து விற்றார்கள். அதைச் சேமிப்பதற்காக 1840-களில் கடற்கரையில் எழுந்த கட்டடமே ஐஸ் ஹவுஸ். 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதனால் இன்று அது விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது.

நம் வீட்டுப் பெட்டிக்குள் சுற்றும் திரவம், புதிய மாடல்களில் பெரும்பாலும் ஐசோபியூட்டேன். மெக்கானிக்குகள் ஆர்-600ஏ என்பார்கள். சாதாரண அழுத்தத்தில் இது பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரியிலேயே கொதித்துவிடும். பின்புறம் அடியிலிருக்கும் கருநிற உருண்டையான கம்ப்ரஸர் இந்த வாயுவை அழுத்துகிறது. அழுத்தப்பட்ட வாயு சூடேறி, பின்பக்கத்திலோ பக்கச் சுவர்களுக்குள்ளோ வளைந்து வளைந்து செல்லும் கண்டென்ஸர் குழாயில் நுழைந்து, தன் உஷ்ணத்தை அறைக் காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகிறது. அத்திரவம் டிரையர் என்னும் சிறு வடிகட்டியைக் கடந்து, ஒரு மில்லிமீட்டரைவிடக் குறுகிய துவாரமுள்ள கேபிலரி குழாய் வழியே நெருக்கிச் சென்று, ஃப்ரீசரைச் சுற்றியுள்ள தகட்டுக்குள் விடுபடுகிறது. அங்கே அழுத்தம் சட்டென்று குறைவதால் கொதித்து ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய உஷ்ணத்தைப் பாலிடமிருந்தும் காய்கறியிடமிருந்தும் பறிக்கிறது. ஆவி மீண்டும் கம்ப்ரஸருக்குப் போகிறது. இருபது வருஷம் ஓடினாலும் இந்தச் சுழற்சியில் ஒரு சொட்டுக்கூடச் செலவாவதில்லை. இதைப் பின்னால் ஒருமுறை நினைவுபடுத்துவேன்.

செஞ்சியைப் போன்ற ஊரில் இந்தச் சுழற்சிக்கு உள்ள சிரமம் வெளியே இறக்கும் இடத்தில்தான் அதிகம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று சுற்றிலும் வெறும் பாறைக் குன்றுகள். பகலெல்லாம் வெயிலைக் குடித்த பாறை இராத்திரி நெடுநேரம் வரை அதைக் கக்கிக்கொண்டிருக்கிறது. மேற்குப் பார்த்த சமையலறைச் சுவரில் பிற்பகலில் கை வைத்துப் பாருங்கள். அந்தச் சுவரை ஒட்டியே பல வீடுகளில் பிரிட்ஜ் நிற்கிறது. பெட்டியின் பின்புறமோ உட்புறமோ ஒட்டியுள்ள தகவல் அட்டையில் சீதோஷ்ண வகுப்பு என்று ஒன்று குறித்திருப்பார்கள்: ‘என்’ என்றால் 32 டிகிரி வரையிலும், ‘எஸ்டி’ என்றால் 38 டிகிரி வரையிலும், ‘டி’ என்றால் 43 டிகிரி வரையிலும் உள்ள அறைகளுக்கு ஏற்றது என்று பொருள். நமக்கு வேண்டியது ‘டி’. பிரெஞ்சு விஞ்ஞானி சாடி கார்னோ 1824-இல் வகுத்த விதியைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போடலாம். ஃப்ரீசர் தகடு பூஜ்யத்துக்குக் கீழே 23 டிகிரியில் இருக்க, கண்டென்ஸர் 45 டிகிரியில் இருந்தால், ஒரு பங்கு மின்சாரத்துக்கு அதிகபட்சமாக 3.7 பங்கு உஷ்ணத்தை வெளியேற்றலாம்; அதே கண்டென்ஸர் தூசி மூடியும் காற்றோட்டமின்றியும் 58 டிகிரிக்கு ஏறினால் 3.1 பங்குக்கு மேல் முடியாது. குறையற்ற யந்திரத்துக்கே இந்த நஷ்டமென்றால் நம் வீட்டு யந்திரத்துக்கு நஷ்டம் இன்னும் அதிகம். அதற்காக மின்கட்டணம் கூடுவது ஒரு பக்கம் இருக்க, ஓய்வில்லாமல் ஓடும் கம்ப்ரஸரின் ஆயுளும் தேய்கிறது. எனவே சுவரிலிருந்து நாலு விரற்கடையாவது தள்ளி வையுங்கள்; அடுப்புக்குப் பக்கத்திலும் மேற்கு ஜன்னல் வெயிலிலும் வைக்காதீர்கள்; அழகுக்காகப் போட்ட துணி உறை பின்பக்கம் தொங்கிக் குழாய்களை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த தூரிகையால் கண்டென்ஸரின் தூசியையும் ஒட்டடையையும் துடைப்பது, காசு செலவில்லாத சிகிச்சைகளிலெல்லாம் தலையாயது. பக்கச் சுவருக்குள் கண்டென்ஸர் வைத்த புது மாடல்களில் பக்கங்கள் சுடுவதைக் கண்டு சிலர் பயப்படுகிறார்கள். உஷ்ணம் சரியாக வெளியேறுகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

பெட்டிக்குள் குளிர்ச்சி குறைவதை முதலில் கண்டுபிடிக்கும் கருவி நம் வீடுகளில் இட்லி மாவுதான். மாவைப் பொங்கவைக்கும் லியூகோனாஸ்டாக் என்னும் பாக்டீரியா நாலு டிகிரியில் மந்தமாகக் கிடக்கிறது. பத்து டிகிரியைத் தாண்டிவிட்டால் வேலையைத் தொடங்கிவிடுகிறது. நாலு நாள் தாங்கிய மாவு இரண்டாம் நாளே புளித்துப் பாத்திரத்தின் மூடியைத் தூக்குமானால், பால் திரிவதற்கு முன்பே எச்சரிக்கை வந்துவிட்டதென்று கொள்ள வேண்டும். இன்னும் நிச்சயமாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியை நிறுத்தி நடுத்தட்டில் இராமுழுவதும் வைத்து, காலையில் கதவைத் திறந்தவுடன் பார்க்கலாம். மூன்று, நாலு டிகிரி காட்டினால் நலம். வெறும் காற்றில் வைத்த வெப்பமானி கதவு திறக்கும்போதெல்லாம் ஏறி இறங்குமாகையால் அதை நம்புவதற்கில்லை.

குறை இருக்கிறதென்று தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது கதவு. கதவின் உள்விளிம்பில் ஓடும் ரப்பருக்குள் காந்தப் பட்டை வைத்திருப்பதால் அது சட்டத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு துண்டுப் பத்திரிகைத் தாளைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்து மூடி, மெதுவாக இழுத்துப் பாருங்கள். பற்றி இழுத்தால்தான் வர வேண்டும். நாலு பக்கமும் இப்படிப் பரீட்சிக்கும்போது, கீழ்மூலையில் தாள் தங்குதடையின்றி வழுக்கிக்கொண்டு வரும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே ரப்பரின் மடிப்பை விரித்துப் பார்த்தால் சர்க்கரைப் பாகும் பால் ஏடும் எறும்பும் சேர்ந்து கெட்டிப்பட்டுக் கிடக்கும். வெந்நீரில் சோப்பைக் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் மடிப்புகளைத் தேய்த்துத் துடைத்து, ஈரமில்லாமல் உலர்த்தினால் பாதி ரப்பர்கள் திரும்பவும் ஒட்டத் தொடங்கிவிடும். வளைந்து கோணிய ரப்பரை வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி நிமிர்த்தலாம். வெடித்துக் கிழிந்தால் மட்டும் மாற்றினால் போதும். பெட்டியின் முன்கால்களைச் சற்றே உயர்த்தித் திருகி வைத்தால் கதவு தானே சாய்ந்து மூடிக்கொள்ளும்.

கதவு இடுக்கு வழியே நுழையும் காற்று உஷ்ணத்தோடு ஈரத்தையும் கொண்டுவருகிறது. அந்த ஈரம் ஃப்ரீசர் தகட்டின் மேல் உறைபனியாகப் படிகிறது. பனி குளிர்ச்சியானதுதானே, இருந்தால் என்ன என்று கேட்கலாம். உறைபனி என்பது பெரும்பாலும் காற்றைச் சிறை வைத்த வலைப்பின்னல். அது உஷ்ணத்தைக் கடத்தாது. தகடு எவ்வளவு குளிர்ந்தாலும் பனிப்போர்வைக்கு இப்பாலுள்ள பால் பாத்திரத்தின் உஷ்ணம் அதனிடம் போய்ச் சேருவதில்லை. ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் பனி அரை விரல் கனம் சேர்ந்தவுடன், தெர்மோஸ்டாட் குமிழின் நடுவிலுள்ள டிஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்தி உருகவிட வேண்டும். அவசரமானால் ஒரு பாத்திரத்தில் வெந்நீரை உள்ளே வைக்கலாம்.

கத்தியை மட்டும் எடுக்க வேண்டாம். இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஃப்ரீசரின் உட்சுவர் என்று நாம் காணும் அலுமினியத் தகட்டினுள்தான் வாயு ஓடும் பாதைகள் இருக்கின்றன, தகடு மெல்லியது. ஐஸ் தட்டு ஒட்டிக்கொண்டதென்று கத்தி முனையால் நெம்பும்போது, ‘உஸ்’ என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். அதோடு அந்தப் பெட்டியின் உயிர் போய்விடும். அலுமினியத்தில் விழுந்த ஓட்டையை நம்பகமாக அடைப்பது அரிது. பெரும்பாலும் ஃப்ரீசர் பகுதியையே மாற்ற வேண்டி வரும். வீட்டுப் பிரிட்ஜுக்கு நேரும் விபத்துகளில், முழுவதும் தவிர்க்கக்கூடியதாகவும் முழு நஷ்டம் விளைவிப்பதாகவும் இருப்பது இதுவே. வாயு ஐசோபியூட்டேனாக இருந்தால் அது தீப்பற்றும் தன்மையது. காற்றைவிட இரு மடங்கு கனமாகையால் தரையோடு தங்கும். அளவு ஒரு கைப்பிடி உப்பின் எடைக்கு மேல் இராதென்றாலும், சத்தம் கேட்டவுடன் அடுப்பை அணைத்து, எந்தச் சுவிட்சையும் தொடாமல், ஜன்னல் கதவுகளைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் வெளியே இருப்பது விவேகம்.

இரட்டைக் கதவுள்ள, பனி படியாத பெட்டிகளில் இந்தத் தகடு கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் மறைந்திருக்கிறது. ஒரு சிறு மின்விசிறி அதன் குளிர்ச்சியை இரண்டு அறைகளுக்கும் ஊதி அனுப்புகிறது. நாளுக்கு ஒன்றிரண்டு தடவை ஒரு ஹீட்டர் தானே எரிந்து பனியை உருக்குகிறது. இவ்வகையில் வரும் பிரதான நோய் இது: மேலே ஃப்ரீசரில் ஐஸ் நன்றாக இருக்கும், கீழே பால் கெடும். வாயு குறைந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். பெட்டியைக் காலிசெய்து, மின்சாரத்தை நிறுத்தி, இரண்டு கதவையும் திறந்தபடி ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். மறுபடி போட்டதும் கீழ்த்தட்டு நன்றாகக் குளிர்ந்து, ஒரு வாரம் பத்து நாளில் பழையபடி கெட்டுப்போனால், உள்ளே பனி அடைத்துக்கொள்கிறது, ஹீட்டரோ அதைச் சேர்ந்த சிறு பாகமோ பழுதாகிவிட்டது என்பது ஏறக்குறைய நிச்சயம். அந்தச் செலவு வேறு, வாயு நிரப்பும் செலவு வேறு. மெக்கானிக் வந்தவுடன் இந்தப் பரீட்சையின் முடிவைச் சொல்லிவிட்டால் அவருக்கும் நேரம் மிச்சம். காற்று வரும் துளைகளின் முன்னால் கீரைக்கட்டையும் மாவுப் பாத்திரத்தையும் நெருக்கி வைத்துவிட்டுக் குளிரவில்லை என்று குறைப்படும் வீடுகளும் உண்டு.

உருகிய பனிநீர் பின்சுவரிலுள்ள ஒரு சிறு துளை வழியே இறங்கி, கம்ப்ரஸருக்கு மேலுள்ள தட்டில் விழுந்து, அதன் சூட்டில் ஆவியாகிப் போகும்படி அமைத்திருக்கிறார்கள். கறிவேப்பிலை ஈர்க்கோ கொத்தமல்லித் தழையோ துளையை அடைத்துவிட்டால் காய்கறிப் பெட்டியின் அடியில் தண்ணீர் தேங்கும். வெதுவெதுப்பான நீரை ஊற்றி, முனை மழுங்கிய மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் தள்ளிவிட்டால் தீர்ந்தது. அடியிலுள்ள தட்டைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு சாக்கடையை நாடுவதில்லை. தெளிந்து தேங்கிய நீரைத் தேடி வருகிறது. வெதுவெதுப்பும் இருட்டும் நிச்சலனமும் உள்ள பிரிட்ஜ் தட்டு அதற்கு வாய்த்த இடம். முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வரும்போது தண்ணீர்த் தொட்டியோடு பிரிட்ஜின் பின்புறத்தையும் எட்டிப் பார்ப்பது இதனால்தான். தட்டை உருவி வெளிச்சத்தில் பிடித்தால், நீரில் சுருண்டு நெளியும் புழுக்கள் தெரியும்; நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தட்டின் சுவரில் மிளகின் பொடியைத் தூவியது போன்ற கரும்புள்ளிகள் ஒட்டியிருக்கும். அவைதான் முட்டைகள். நீரைக் கொட்டிக் காயவைத்தாலும் அவை மாதக்கணக்கில் சாகாமல் கிடந்து, திரும்ப நீர் பட்டவுடன் பொரிக்கும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை நீரைக் கொட்டுவதோடு நில்லாமல், தேங்காய் நாரால் தட்டின் பக்கங்களை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இனி மின்சாரம். நமக்கு வர வேண்டியது 230 வோல்ட். டிரான்ஸ்பார்மருக்கு வெகுதூரத்தில், வயல்களின் பம்ப்செட்டுகள் ஓடும் நேரத்தில் அது வெகுவாகத் தணிந்துவிடுகிறது. மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்புவதற்கு வேண்டிய திருப்புவிசை வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 160 வோல்ட்டில் விசை பாதிக்கும் குறைவாகிவிடும். கிளம்ப முடியாத மோட்டார் முனகிக்கொண்டு பல மடங்கு மின்சாரத்தை இழுத்துச் சூடேறும். சில விநாடிகளில் ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு பாதுகாப்புக் கருவி அதைத் துண்டிக்கும். சில நிமிஷம் கழித்துத் திரும்பவும் முனகல், திரும்பவும் ‘டக்’. விளக்கு எரிகிறது, குளிர்ச்சி இல்லை, இந்தச் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்கிறது என்றால் முதலில் வோல்ட்டேஜைப் பார்க்க வேண்டும். அது சரியாயிருந்தால் கம்ப்ரஸரின் பக்கவாட்டில் செருகியுள்ள ரிலேயைப் பார்க்கச் சொல்லுங்கள். அதைக் கழற்றிக் காதருகே குலுக்கினால் உள்ளே உடைந்த வில்லை கலகலவென்று சத்தமிடுவதுண்டு. சில நூறு ரூபாயில் முடியும் இந்தக் கோளாறுக்காக, கம்ப்ரஸரே போய்விட்டதென்று புதுப்பெட்டி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். மின்சாரம் போய் உடனே வரும்போது, கம்ப்ரஸரின் ஒரு பக்கம் அழுத்தம் இன்னும் தணியாமல் இருப்பதால், அதை எதிர்த்துக் கிளம்புவதும் அதே சிரமந்தான். மூன்று நிமிஷமாவது தாமதித்து மின்சாரத்தை விடும் ஸ்டெபிலைசர் நம் ஊர்களுக்கு அவசியம் என்றே கருதுகிறேன். வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கத்தைத் தாங்குமென்று தயாரித்தவர்கள் எழுதியிருக்கும் இன்வெர்ட்டர் வகைகளுக்கு மட்டும் இது தேவைப்படாமலிருக்கலாம்.

எர்த் கம்பியைப் பற்றி இரண்டு வார்த்தை. செஞ்சியின் நிலம் பெரும்பாலும் பாறையும் சரளையும். மழைக்காலத்தில் சரியாக இருந்த எர்த் குழி, கோடையில் ஈரம் வற்றியதும் மின்சாரத்தைத் தரைக்குக் கடத்தாமல் நின்றுவிடலாம். உப்பும் கரியும் போட்ட குழிக்கு வேனிற்காலத்தில் வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவதும், வீட்டின் மெயினில் முப்பது மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சைப் பொருத்துவதும், மூன்று முள் பிளக்கை எக்காரணம் கொண்டும் இரண்டு முள்ளாக்காமல் இருப்பதும் உயிர் சம்பந்தப்பட்டவை. வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று கைப்பிடியைத் தொடுகிற குழந்தையை நினைத்துக்கொண்டால் இதைத் தள்ளிப்போட மனம் வராது. தொடும்போது விரலில் சுருக்கென்று ஒரு சிறு அதிர்வு தெரிந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். செருப்பு போட்டுக்கொண்டு தொடுவது பரிகாரமாகாது.

வாயு விஷயத்துக்கு வருகிறேன். ‘வருஷம் ஒரு தடவை கேஸ் அடிக்க வேண்டும்’ என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. முன்பே சொன்னபடி, முற்றிலும் பற்றவைத்து மூடிய குழாய்க்குள் சுற்றும் வாயு செலவாவதே இல்லை. குறைந்தது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்; ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்புவது பணத்தைக் காற்றில் விடுவதாகும். வாயு குறைந்ததன் லட்சணங்கள் எளியவை: கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், கண்டென்ஸரைத் தொட்டால் சூடு இராது, ஃப்ரீசர் தகட்டில் குழாய் நுழையும் மூலையில் மட்டும் பனி படிந்து மற்ற இடம் வெறுமையாக இருக்கும். முறையாகச் செய்யும் மெக்கானிக் ஓட்டையைப் பற்றவைத்து, டிரையரைப் புதிதாக மாற்றி, பம்ப் வைத்துக் குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் நன்றாக உறிஞ்சி எடுத்து, அதன் பிறகே தராசில் நிறுத்து வாயுவை ஏற்றுவார். உறிஞ்சி எடுக்கும் அந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். அதைச் சுருக்கினால் எஞ்சிய ஈரம் கேபிலரி முனையில் பனியாக உறைந்து வழியை அடைக்கும். பழைய பெட்டிகளிலுள்ள ஆர்-12 என்னும் வாயுவைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். தாமஸ் மிட்ஜ்லி 1928-இல் கண்டறிந்தபோது, விஷமும் இல்லை, தீயும் பற்றாது என்று உலகம் அதைக் கொண்டாடியது. மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-இல் அது மேல்வானத்து ஓசோன் படலத்தைத் தின்றுவிடும் என்று காட்டினார்கள். 1987-இல் மாண்ட்ரீலில் உலக நாடுகள் அதைக் கைவிட ஒப்பந்தம் செய்தன. 1992-இல் இந்தியாவும் சேர்ந்தது. அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லையாயினும் பூமியைச் சூடாக்குவதில் வல்லது. அதையும் தள்ளிவிட்டு இப்போது ஐசோபியூட்டேனுக்கு வந்திருக்கிறோம். தீப்பற்றும் வாயுவாகையால் இதைக் கையாளப் பயிற்சி பெற்றவரையே அழைக்க வேண்டும். ஒன்றுக்குரிய பெட்டியில் மற்றொன்றை நிரப்புவதற்கு யார் சொன்னாலும் இசைய வேண்டாம்.

கடைசியாக, மின்சாரமே இல்லாத நாட்கள். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபோது, நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டருக்கு மேல் மழை பெய்தது; கம்பங்கள் சாய்ந்து ஊர்கள் இருளில் கிடந்தன. அத்தகைய வேளையில் கதவைத் திறக்காமல் இருப்பதே முதல் காரியம். மூடிய பெட்டி நாலு மணி நேரமும், நிரம்பிய ஃப்ரீசர் நாற்பத்தெட்டு மணி நேரமும், பாதி நிரம்பியது அதில் பாதி நேரமும் தாங்கும் என்பது அமெரிக்க விவசாயத் துறையின் கணக்கு. நம் சீதோஷ்ணத்துக்கு அதைக் குறைத்தே கொள்ள வேண்டும். வெளியூர் போயிருந்தவர்கள், இடையில் மின்சாரம் போய்ப் பனி உருகி, பிறகு திரும்ப உறைந்ததா என்பதை அறிய ஓர் உபாயம் உண்டு. புறப்படும் முன்பு ஒரு கிண்ணம் தண்ணீரை ஃப்ரீசரில் உறையவைத்து அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் நல்லது. ஐஸுக்குள் நடுவிலோ அடியிலோ புதைந்திருந்தால் இடையில் உருகியிருக்கிறது. மீனையும் இறைச்சியையும் தூக்கி எறிந்துவிட வேண்டும், வாசனை பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது.

இன்சுலின் உபயோகிக்கிறவர்களின் வீட்டில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அது இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. உஷ்ணத்தில் மெல்லக் கெடும், உறைந்தால் ஒரேயடியாகக் கெடும். மின்சாரம் திரும்பியதும் சீக்கிரம் குளிரட்டுமென்று குப்பியை ஃப்ரீசரிலோ அதன் அடியிலுள்ள தட்டிலோ வைப்பது, வெயிலில் வைப்பதைவிடப் பெரிய தவறு. நடுத்தட்டில், பின்சுவரில் படாமல், ஒரு மூடியுள்ள டப்பாவுக்குள் வைக்க வேண்டும். மின்தடை நீளுமானால், ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் ஒரு சிறு டம்ளரில் குப்பியை நிறுத்தி நிழலில் வைக்கலாம். உறைந்து உருகிய குப்பி தெளிவாகவே தெரிந்தாலும் அதை ஊசியில் ஏற்றாமல், மருந்துக் கடையில் காட்டிப் புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டும்.